காப்புறுதிப் பத்திரத்தைப் புதுப்பித்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) – வணிகக் கல்வியும் கணக்கீடும்
அலகு: காப்புறுதி

மாணவர்களே, பின்வரும் வினாவை முதலில் வாசியுங்கள்.

சுன்னாகத்தில் புடைவைக் கடை நடத்தும் வியாபாரி ஒருவர் 8 ஆண்டுகளாகத் தமது கடைக்குத் தீக்காப்புறுதி செய்து வந்தார் எனக் கொள்வோம். அவரது இறுதிக் காப்புறுதிப் பத்திரம் 2024.06.30 அன்று முடிவடைந்தது. 2024.07.03 அன்று இரவு கடை தீப்பற்றியது. 2024.07.05 அன்று அவர் புதுப்பித்தலுக்கான கட்டணத்தைச் செலுத்தினார். அவருக்கு நட்டஈடு கிடைக்குமா?

இவ்வகை வினாவுக்கு மாணவர் பலர் எழுதும் விடை, "கிடைக்கும். ஏனெனில் அவர் 8 ஆண்டுகளாக ஒழுங்காகக் கட்டணம் செலுத்தியுள்ளார்" என்பதாகும். இவ்விடைக்குப் புள்ளி கிடையாது. வியாபாரியின் மீது இரக்கம் கொள்வது நியாயமானதே. எனினும் ஜூலை 3 ஆம் திகதி இரவு அவருக்கும் கம்பனிக்கும் இடையில் ஒப்பந்தம் எதுவும் இருக்கவில்லை. இதற்கான காரணத்தைச் சரியாக விளங்கிக் கொண்டால் இவ்வலகில் வரும் வினாக்களில் பெரும் பகுதிக்குத் தடையின்றி விடை எழுதலாம்.

1. புதுப்பித்தல் என்றால் என்ன?

தீ, மோட்டார் வாகனம், களவு, விபத்து போன்ற பொதுக் காப்புறுதிகள் பெரும்பாலும் ஓராண்டு காலத்துக்கே செய்யப்படுகின்றன. காப்புறுதி தொடங்கும் திகதியும் முடிவடையும் திகதியும் பத்திரத்தில் குறிப்பிடப்பட்டிருக்கும். இக்காலம் காப்புறுதிக் காலம் எனப்படும். சில பத்திரங்களில் முடிவடையும் நேரமும் எழுதப்பட்டிருக்கும். நள்ளிரவு எனவும் இருக்கலாம், மாலை 4 மணி எனவும் இருக்கலாம். ஆகவே முடிவுத் திகதியை மட்டும் பார்த்தால் போதாது.

காப்புறுதிக் காலம் முடிவடையும் போது, அதே இடருக்கு எதிராக மேலும் ஒரு காலத்துக்குப் பாதுகாப்புப் பெறும் பொருட்டு காப்புறுதிக் கம்பனியும் காப்புறுதி செய்தவரும் உடன்படுவதே காப்புறுதியைப் புதுப்பித்தல் எனப்படும்.

இவ்வரைவிலக்கணத்தில் "உடன்படுவது" என்ற சொல்லின் கீழ்க் கோடிடுங்கள். பொதுக் காப்புறுதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய ஒப்பந்தம் உருவாகிறது. பத்திர இலக்கம் மாறாதிருக்கலாம். கம்பனி புதிய பத்திரம் தராமல் ஒரு புதுப்பித்தல் சான்றை மட்டும் தரலாம். எவ்வாறாயினும் சட்டத்தின் பார்வையில் பழைய ஒப்பந்தம் முடிந்து விட்டது, புதியது தொடங்குகிறது. சில பத்திரங்களில், கட்டணத்தைச் செலுத்தி வரும் வரை காப்புறுதியைத் தொடரும் உரிமை காப்புறுதி செய்தவருக்கு உண்டு என்ற வாசகம் இருக்கும். அவ்வாறு எழுதப்பட்டிருந்தால் நிலைமை வேறு. ஆயுட் காப்புறுதியைப் பற்றி நாம் பின்னர் பார்ப்போம்.

2. புதிய ஒப்பந்தம் என்பதன் விளைவுகள்

முதலாவது விளைவு: புதுப்பிக்க வேண்டும் என்ற கடப்பாடு இரு தரப்பினருக்கும் இல்லை. வியாபாரி வேறு கம்பனிக்குச் செல்லலாம். கம்பனியும் புதுப்பிக்க மறுக்கலாம், கட்டணத்தை உயர்த்தலாம், புதிய நிபந்தனை விதிக்கலாம். ஒரே கடையில் 2 தடவை மின்னொழுக்கினால் தீப்பற்றியிருந்தால், மின்னிணைப்புகளைத் திருத்திய பின்னரே புதுப்பிப்போம் எனக் கம்பனி கூறுவது நடைமுறையில் உள்ளதே.

காப்புறுதிக் காலம் முடிவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் கம்பனிகள் வழமையாகப் புதுப்பித்தல் அறிவித்தல் ஒன்றை அனுப்புகின்றன. செலுத்த வேண்டிய கட்டணமும், செலுத்த வேண்டிய திகதியும், காப்புறுதித் தொகையும் அதில் காணப்படும். ஒப்பந்தச் சட்டத்தின்படி இதனைக் கம்பனியின் முனைவாகக் கொள்ளலாம். வியாபாரி குறித்த திகதிக்குள் குறித்த கட்டணத்தைச் செலுத்துவது அதன் ஏற்பு ஆகும். ஆனால் வியாபாரி, "காப்புறுதித் தொகையைக் கூட்டித் தாருங்கள்" எனப் பதில் எழுதினால் அது ஏற்பு அல்ல. அது எதிர் முனைவு. கம்பனி அதற்கு உடன்பட்டாலே ஒப்பந்தம் உருவாகும்.

அறிவித்தல் கிடைக்கவில்லை என்பது பொதுவாக ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. பத்திரத்தில் வேறு விதமாகக் கூறப்படாதவிடத்து அறிவித்தல் அனுப்புவது கம்பனி செய்யும் ஒரு வசதி மட்டுமே. முடிவுத் திகதியை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் காப்புறுதி செய்தவரே. முகவர் வந்து ஞாபகப்படுத்துவார் எனக் காத்திருந்து கெட்டவர்கள் எல்லா ஊரிலும் உளர். முகவரிடம் காசைக் கொடுத்து விட்டுப் பற்றுச்சீட்டு வாங்காமல் விடுவது அதனிலும் மோசமான பழக்கம்.

இப்போது சுன்னாகம் வியாபாரியிடம் திரும்புவோம். ஜூன் 30 உடன் ஒப்பந்தம் முடிந்தது. ஜூலை 3 இல் இழப்பு ஏற்பட்டது. ஜூலை 5 இல் செலுத்திய கட்டணத்தினால் புதிய ஒப்பந்தம் உருவானாலும் அது முன்னோக்கியே செல்லும், நடந்து முடிந்த இழப்பை அது தழுவாது. காப்புறுதி என்பது நிகழக்கூடிய, ஆனால் நிச்சயமற்ற இடருக்கு எதிரானதாகும். நிகழ்ந்து விட்ட தீ ஓர் இடர் அல்ல. மேலும், தீப்பற்றியதைக் கூறாமல் அவர் கட்டணத்தைச் செலுத்தியிருந்தால் அடுத்து நாம் பார்க்கப் போகும் கோட்பாட்டையும் மீறியவராவார்.

முந்திய 8 ஆண்டுகளில் செலுத்திய கட்டணம் என்னவாயிற்று என மாணவர் கேட்பதுண்டு. அந்த 8 ஆண்டுகளிலும் அவர் பாதுகாப்பைப் பெற்றார். கடை எரியாததால் பாதுகாப்புக் கிடைக்கவில்லை என்று ஆகாது. அவரது கட்டணம், அக்காலத்தில் இழப்படைந்த வேறு பலரின் நட்டஈட்டுக்குச் சென்றது. இடரைப் பகிர்தல் என நீங்கள் படித்தது இதுவே.

3. புதுப்பிக்கும் போது உண்மையை வெளியிடுதல்

உச்ச நம்பிக்கைக் கோட்பாட்டின்படி, இடரின் தன்மையைப் பாதிக்கும் முக்கிய விடயங்களைக் காப்புறுதி செய்பவர் தாமாகவே கம்பனிக்கு வெளிப்படுத்த வேண்டும். மாணவர் பலர் இதனை முன்மொழிவுப் படிவம் நிரப்பும் நாளுடன் முடிந்து விடும் கடமையாக எழுதுகின்றனர். அது பிழையாகும். புதுப்பித்தல் புதிய ஒப்பந்தம் என்பதால் ஒவ்வொரு புதுப்பித்தலின் போதும் இக்கடமை மீண்டும் எழுகிறது.

இக்கோட்பாடு இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து எமக்கு வந்தது. அங்கு 1975 ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதனை நன்கு காட்டுகிறது. ஒரு பெண் 1963 இல் தமதும் தமது கணவரதும் நகைகளுக்குக் காப்புறுதி செய்தார். ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1971 இன் இறுதியில் கணவர் களவுக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றார். 1972 இல் பத்திரத்தைப் புதுப்பித்த போது மனைவி அதனைக் கூறவில்லை. கம்பனி அதைப் பற்றிக் கேட்கவுமில்லை. அதன் பின்னர் சில நகைகள் காணாமற் போயின. அவர் கோரியது 311 பவுண் மட்டுமே. முக்கிய விடயம் ஒன்று வெளியிடப்படவில்லை என்பதால் கம்பனி செலுத்த வேண்டியதில்லை என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்காத வினாவுக்கு விடை சொல்லாததால் அப்பெண் தோற்றார். இது கடுமையான தீர்ப்பே. அவ்வழக்கைத் தீர்த்த நீதியரசர்களே சட்டத்தின் கடுமையையிட்டு வருந்தினர். 2012 இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டம், தனிப்பட்ட நுகர்வோரைப் பொறுத்தவரை இக்கடமையைத் தளர்த்தியது. கேட்கப்படும் வினாக்களுக்கு நியாயமான கவனத்துடன் விடையளித்தால் அங்கு இன்று போதுமானது. உங்கள் பரீட்சை விடையை, பாடநூலில் உள்ள கோட்பாட்டின்படியே எழுதுங்கள்.

புதுப்பிக்கும் போது வெளியிட வேண்டிய விடயங்கள் எவை? பட்டியலை மனனம் செய்வதைவிட, "இதனைக் கம்பனி அறிந்திருந்தால் கட்டணத்தைக் கூட்டியிருக்குமா அல்லது மறுத்திருக்குமா?" எனக் கேட்டுப் பாருங்கள். புடைவைக் கடையின் பின்னறையில் மண்ணெண்ணெய் அல்லது எரிவாயு உருளைகள் களஞ்சியப்படுத்தத் தொடங்கினால் கூற வேண்டும். 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் வீட்டிலும் கடையிலும் கலன்களில் பெற்றோல் சேமித்தவர்கள் பலர். அது தீக்காப்புறுதியைப் பாதிக்கும் விடயம் எனச் சிந்தித்தவர்கள் அவர்களுள் எத்தனை பேர்? சொந்தப் பாவனைக்கெனக் காப்புறுதி செய்த முச்சக்கர வண்டியை வாடகைக்கு ஓட்டத் தொடங்கினாலும் கூற வேண்டும். கடைச் சுவருக்கு வேறு நிறம் பூசியதைக் கூற வேண்டியதில்லை.

4. காப்புறுதித் தொகையை மீளப் பார்த்தல்

இப்பகுதியில் கணிப்பு வினாக்களை எதிர்பார்க்கலாம். ஆறுதலாகப் படியுங்கள்.

புதுப்பித்தல் அறிவித்தலில் கடந்த ஆண்டின் காப்புறுதித் தொகையே பெரும்பாலும் அச்சிடப்பட்டு வரும். வியாபாரியும் கட்டணத்தைச் செலுத்தி விட்டுக் காகிதத்தைக் கோவையில் போடுவார். விலைவாசி அமைதியாக உள்ள காலத்தில் இதனால் பெரிய தீங்கு நேராது. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுக்கு ஆண்டு பணவீக்கம் 69.8 சதவீதமாக உயர்ந்தது. கடையில் உள்ள பொருட்களின் அளவு மாறாமலே அவற்றின் பெறுமதி ஏறியது. காப்புறுதித் தொகையை அப்படியே வைத்துப் புதுப்பித்தவர்கள் தம்மை அறியாமல் குறைக் காப்புறுதி செய்தவர்களாயினர்.

பொருளின் உண்மையான பெறுமதியிலும் குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்தல் குறைக் காப்புறுதி எனப்படும். பத்திரத்தில் சராசரி வாசகம் இருப்பின், பகுதி இழப்பு ஏற்படும் போது நட்டஈடு பின்வருமாறு கணிக்கப்படும்.

நட்டஈடு = இழப்பு × காப்புறுதித் தொகை ÷ பொருளின் உண்மையான பெறுமதி

உதாரணம் 1
ஒரு கடையின் சரக்கு 2021 இல் ரூபா 2,500,000 இற்குக் காப்புறுதி செய்யப்பட்டது. 3 தடவை தொகையை மாற்றாமல் புதுப்பிக்கப்பட்டது. 2024 ஒக்டோபரில் தீப்பற்றிய போது சரக்கின் பெறுமதி ரூபா 4,000,000. இழப்பு ரூபா 800,000. நட்டஈட்டைக் கணிக்க.

நட்டஈடு = 800,000 × 2,500,000 ÷ 4,000,000 = ரூபா 500,000

மீதி ரூபா 300,000 ஐ வியாபாரியே சுமக்க வேண்டும். "இழப்பு 800,000, காப்புறுதி 2,500,000, ஆகவே முழுவதும் கிடைக்கும்" என எழுதுவது மாணவர் விடும் வழமையான பிழை. பெறுமதியின் எட்டில் ஐந்து பங்குக்கே அவர் கட்டணம் செலுத்தியுள்ளார். மீதி எட்டில் மூன்று பங்குக்கு அவரே தமது காப்புறுதியாளர் என நினைத்துக் கொள்ளுங்கள்.

சரக்கு முழுவதும் எரிந்திருந்தால்? இழப்பு 4,000,000 எனப் பிரதியிட்டுப் பாருங்கள். ரூபா 2,500,000 கிடைக்கும். அதாவது காப்புறுதித் தொகையே உச்ச எல்லை ஆகும்.

மாறாக, ரூபா 5,000,000 இற்குக் காப்புறுதி செய்திருந்தால் முழு இழப்பின் போதும் ரூபா 4,000,000 இற்கு மேல் கிடையாது. நட்டஈட்டுக் கோட்பாடு இலாபம் பெற இடமளிக்காது. மேலதிகத் தொகைக்குச் செலுத்திய கட்டணம் வீண்.

வாகனங்களிலும் இப்பிரச்சினை எழுந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலாகும். இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் சந்தை விலை வெகுவாக உயர்ந்தது. வழமையாக வாகனத்தின் பெறுமதி ஆண்டுதோறும் குறையும் என்றே நாம் பெறுமானத் தேய்வில் படிக்கிறோம். அக்காலத்தில் ஏட்டுப் பெறுமதி இறங்க, சந்தைப் பெறுமதி ஏறியது. ஏட்டுப் பெறுமதியைப் பார்த்துக் காப்புறுதித் தொகையைக் குறைத்துப் புதுப்பித்த உரிமையாளருக்கு, வாகனம் முற்றாக அழிந்தால் அதே போன்ற வாகனத்தை வாங்கப் போதிய பணம் கிடைத்திராது.

தொகையுடன் தழுவப்படும் இடர்களையும் பார்க்க வேண்டும். அடிப்படைத் தீக்காப்புறுதியில் வெள்ளம், சூறாவளி, கலவரம் போன்றவை தாமாகவே அடங்குவதில்லை. மேலதிகக் கட்டணம் செலுத்தி இணைத்துக் கொள்ள வேண்டும். வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான மேலதிகப் பாதுகாப்பு இலங்கையில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துடன் தொடர்புடையது. 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்த போது, தீக்காப்புறுதி மட்டும் இருந்த ஒரு கடைக்காரர் வெள்ளச் சேதத்துக்கு அப்பத்திரத்தைக் காட்டிப் பயனில்லை. ஆற்றில் நீர் ஏறிய பின்னர் இணைக்கவும் முடியாது.

5. இடைவெளியும் சலுகை நாட்களும்

பழைய காலம் முடிந்த பின்னரும் புதிய காலம் தொடங்கும் முன்னரும் உள்ள நாட்களில் பாதுகாப்பு இல்லை. இதற்கு விதிவிலக்காக அமைவன சலுகை நாட்கள். கட்டணம் செலுத்த வேண்டிய திகதிக்குப் பின்னர் வழங்கப்படும் மேலதிக நாட்களே அவை. பொதுக் காப்புறுதியில் பத்திரத்திலோ புதுப்பித்தல் அறிவித்தலிலோ எழுதப்பட்டிருந்தால் மட்டுமே சலுகை நாட்கள் உண்டு. எழுதப்படாத சலுகையைக் கற்பனை செய்து விடை எழுத வேண்டாம்.

மோட்டார் வாகனத்தில் இடைவெளி இரட்டைத் தீங்கு தரும். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பிறருக்கு ஏற்படும் மரணம் அல்லது உடற்காயத்துக்கான மூன்றாந் தரப்புக் காப்புறுதி கட்டாயமானது. ஆகவே ஒரு நாள் பிந்தினாலும் அந்நாளில் வாகனத்தை வீதியில் செலுத்துவது குற்றமாகும். விபத்து நேர்ந்தால் காயமடைந்தவருக்குச் செலுத்த வேண்டிய தொகையும் உரிமையாளரின் தலையில் விழும்.

வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் வெவ்வேறானவை. வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குச் செல்லுபடியாகும் காப்புறுதிச் சான்றிதழ் தேவை. ஆனால் இரண்டும் ஒரே திகதியில் முடிவடைய வேண்டும் என்பதில்லை. அனுமதிப்பத்திரம் நவம்பர் வரை உள்ளது என்பதால் காப்புறுதியும் நவம்பர் வரை உண்டு என நினைத்து ஓகஸ்டில் மாட்டிக் கொள்பவர்கள் உளர்.

6. கோரிக்கையின்மைக் கழிவு

மோட்டார் காப்புறுதியில், நட்டஈடு கோராது ஓராண்டு கழிந்தால் அடுத்த புதுப்பித்தலின் போது கட்டணத்தில் ஒரு கழிவு தரப்படும். பேச்சு வழக்கில் இதனை "நோ கிளெயிம் போனஸ்" என்பர். கோரிக்கையற்ற ஆண்டுகள் கூடக் கழிவு வீதமும் ஓர் எல்லை வரை கூடும். வீதங்கள் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும்.

உதாரணம் 2
ஒருவரின் அடிப்படைக் கட்டணம் ரூபா 80,000. இவ்வாண்டு கோரிக்கை செய்யாவிடின் அடுத்த புதுப்பித்தலில் 35% கழிவு கிடைக்கும், கோரிக்கை செய்தால் கழிவு முழுவதும் இல்லாமற் போகும் எனக் கொள்க. மதிலில் உரசியதைத் திருத்த ரூபா 18,000 தேவை.

கோராவிடின் அடுத்த ஆண்டுக் கட்டணம் = 80,000 – 28,000 = ரூபா 52,000
கோரினால் = ரூபா 80,000

கோரினால் ரூபா 18,000 பெற்று ரூபா 28,000 ஐ இழக்கிறார். கையிலிருந்து திருத்துவதே இலாபம். கழிவு பிற்பட்ட ஆண்டுகளிலும் குறைவாகவே இருக்கும் என்பதால் உண்மையான இழப்பு இதனிலும் அதிகம். புதுப்பிக்காமல் நீண்ட இடைவெளி விட்டாலும் இக்கழிவை இழக்க நேரிடலாம்.

7. ஆயுட் காப்புறுதி ஏன் வேறுபட்டது?

ஆயுட் காப்புறுதி 10, 15, 20 ஆண்டுகள் எனச் செய்யப்படும் ஒரே நீண்டகால ஒப்பந்தம். மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் செலுத்துவது அதே ஒப்பந்தத்தின் தவணைக் கட்டணமே அன்றி, புதுப்பித்தல் கட்டணம் அல்ல. எனவே 5 ஆம் ஆண்டில் காப்புறுதி செய்தவருக்கு நீரிழிவு ஏற்பட்டால் அடுத்த தவணை செலுத்தும் போது அதனை அறிவிக்க வேண்டிய கடமை இல்லை. அதைக் காரணம் காட்டிக் கம்பனி தவணையை ஏற்க மறுக்கவும் முடியாது. வேறுபாட்டை எழுதும் வினாவில் இவ்விரண்டு குறிப்புகளும் நிறைந்த புள்ளி பெற்றுத் தரும்.

ஆயுட் காப்புறுதியில் சலுகை நாட்கள் பொதுவாக 30. தவணை 2024.06.05 அன்று செலுத்த வேண்டியதாயிருந்து, காப்புறுதி செய்தவர் அதனைச் செலுத்தாமலே 2024.06.28 அன்று இறந்தால், செலுத்தாத தவணை கழிக்கப்பட்டுக் காப்புறுதித் தொகை குடும்பத்துக்குக் கிடைக்கும். 2024.07.20 அன்று இறந்தால் பத்திரம் வலுவிழந்திருக்கும். பல ஆண்டுகள் தவணை செலுத்தி ஒப்படைப்புப் பெறுமதி பெற்ற பத்திரமாயின், அதன் நிபந்தனைகளின்படி ஒரு தொகை கிடைக்கலாம்.

வலுவிழந்த பத்திரத்தை, நிலுவையையும் வட்டியையும் செலுத்தி உயிர்ப்பிக்கலாம். அப்போது சுகாதாரப் பிரகடனமும், தேவைப்படின் வைத்தியப் பரிசோதனையும் கேட்கப்படும். மேலே கூறிய நீரிழிவு நோயாளி தவணையை ஒழுங்காகச் செலுத்தியிருந்தால் எதையும் கூற வேண்டியிருந்திராது. வலுவிழக்க விட்டதால் இப்போது நோயைக் கூற வேண்டும். கம்பனி மறுக்கலாம், கட்டணத்தைக் கூட்டலாம். 2 தவணைகளைத் தவற விட்டதன் விலை அது.

8. கணக்கீட்டில் புதுப்பித்தல்

காப்புறுதிக் காலமும் கணக்காண்டும் ஒரே நாளில் தொடங்குவது அரிது. ஆதலால் முற்கொடுப்பனவு எழுகிறது.

உதாரணம் 3
ஒரு வியாபாரத்தின் கணக்காண்டு மார்ச் 31 இல் முடிவடைகிறது. காப்புறுதி ஆண்டுதோறும் ஜூலை 1 இல் புதுப்பிக்கப்படுகிறது. 2023.07.01 இல் செலுத்திய கட்டணம் ரூபா 36,000. 2024.07.01 இல் செலுத்தியது ரூபா 48,000. 2025.03.31 இல் முடிவடைந்த ஆண்டுக்குரிய காப்புறுதிச் செலவைக் காண்க.

2024 ஏப்ரல் – ஜூன் (3 மாதம்): 36,000 × 3/12 = ரூபா 9,000
2024 ஜூலை – 2025 மார்ச் (9 மாதம்): 48,000 × 9/12 = ரூபா 36,000
ஆண்டின் செலவு = ரூபா 45,000
2025.03.31 இல் முற்கொடுப்பனவு = 48,000 × 3/12 = ரூபா 12,000

ரூபா 45,000 வருமானக் கூற்றில் செலவாகவும், ரூபா 12,000 நிதிநிலைமைக் கூற்றில் நடைமுறைச் சொத்தாகவும் காட்டப்படும். ஆரம்ப முற்கொடுப்பனவாகிய ரூபா 9,000 ஐ மறந்து ரூபா 36,000 என எழுதுவோர் அதிகம்.

9. பயிற்சி வினாக்கள்

(1) பொதுக் காப்புறுதி ஒன்றைப் புதுப்பித்தல் தொடர்பான சரியான கூற்று எது?
1. கம்பனி கட்டாயமாகப் புதுப்பிக்க வேண்டும்
2. அது ஒரு புதிய ஒப்பந்தமாகும்
3. எப்போதும் 30 சலுகை நாட்கள் உண்டு
4. முக்கிய விடயங்களை மீண்டும் வெளியிட வேண்டியதில்லை

(2) சரக்கின் பெறுமதி ரூபா 5,000,000. காப்புறுதித் தொகை ரூபா 3,000,000. இழப்பு ரூபா 1,000,000. சராசரி வாசகம் உண்டு. நட்டஈடு எவ்வளவு?

(3) 2024.10.01 இல் 12 மாதங்களுக்குக் காப்புறுதி ரூபா 72,000 இற்குப் புதுப்பிக்கப்பட்டது. 2025.03.31 இல் முற்கொடுப்பனவு எவ்வளவு?

(4) மட்டக்களப்பிலுள்ள ஓர் அரிசி ஆலையின் தீக்காப்புறுதி 2025.01.31 அன்று முடிவடைய இருந்தது. உரிமையாளர் 2025.01.25 அன்று கட்டணம் செலுத்திப் புதுப்பித்தார். 2024 நவம்பர் முதல் ஆலை வளவில் டீசல் களஞ்சியம் ஒன்றை அவர் நடத்தி வந்ததைக் கம்பனிக்குக் கூறவில்லை. 2025 ஏப்ரலில் தீப்பற்றியது. கம்பனி நட்டஈட்டை மறுத்தது.
(அ) கம்பனி எந்தக் கோட்பாட்டை ஆதாரமாகக் கொள்ளலாம்?
(ஆ) "பத்திரம் முதலில் எடுக்கப்பட்ட போது களஞ்சியம் இருக்கவில்லை" என்ற உரிமையாளரின் வாதம் ஏற்கத்தக்கதா?
(இ) களஞ்சியத்தைப் பற்றி அவர் கூறியிருந்தால் கம்பனி எடுத்திருக்கக்கூடிய நடவடிக்கைகள் 2 தருக.

விடைகள்
(1) 2
(2) ரூபா 600,000
(3) ரூபா 36,000
(4) (அ) உச்ச நம்பிக்கைக் கோட்பாடு. (ஆ) ஏற்கத்தக்கதல்ல. 2025 ஜனவரிப் புதுப்பித்தல் புதிய ஒப்பந்தமாகும். அத்தருணத்தில் களஞ்சியம் இருந்தது, அது தீயின் இடரை அதிகரிக்கும் முக்கிய விடயம். (இ) கட்டணத்தை உயர்த்துதல், டீசலை ஆலையிலிருந்து குறித்த தூரத்தில் வைக்குமாறு நிபந்தனை விதித்தல், புதுப்பிக்க மறுத்தல் ஆகியவற்றுள் ஏதாவது 2.